திருப்பூரில் ஒட்டிய அம்புகள்

திருப்பூருக்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன். என் பெட்டி வரவில்லை. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அந்த ரப்பர் பட்டை காலியாக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுபோனது. "சென்னையிலயே நின்னிருக்கும் மேடம், நாலஞ்சு நாள்ல வந்துருமுங்க" என்றார் அங்கிருந்தவர், பால் பாக்கெட் வரத் தாமதம் என்பது போல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணிமணி போனால் போகட்டும், பனியன் ஊருக்கு வந்துவிட்டுத் துணிக்கா பஞ்சம்? பெட்டிக்குள் என் மாத்திரை இருந்தது. சுடுதண்ணீர்ப் பை இருந்தது. கழுத்துக்கென்று வாங்கிய சின்னத் தலையணை இருந்தது. அவை இல்லாமல் நான் அரை ஆள்.

எதற்கு அவை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்த 2008-இல் எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். உயிரை வாங்காது, தூக்கத்தைத்தான் வாங்கும். உடம்பெல்லாம் வலிக்கும், காலையில் எழும்போது இரவெல்லாம் மூட்டை சுமந்த மாதிரி இருக்கும், ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் 'நார்மல்' என்று வரும். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஏழு டாக்டர்கள் என்னைப் பார்த்து, கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள், அல்லது கவலைப்படாதே என்றார்கள். எட்டாவது டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. கட்டைவிரலால் உடம்பில் பதினெட்டு இடத்தில் அழுத்தினார். பதினைந்தில் கத்தினேன். அவர்தான் பெயரைச் சொன்னார். போகாது, கூட வைத்துக்கொண்டு வாழப் பழக வேண்டும் என்றும் சொன்னார்.

பழகிக்கொண்டேன். தினம் இருபது நிமிட நடை, வெந்நீர்க் குளியல், படுக்கும் முன் ஒரு சின்ன மாத்திரை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கழுத்தில் லேபிள் உரசினால் முள் குத்துவது போல இருக்கும் என்பதால், வாங்குகிற சட்டையில் எல்லாம் அதை வெட்டிவிடுவேன். இத்தனையும் என் அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. துணி இறக்குமதி செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. ஊர் ஊராகப் போய் நாள் முழுக்க நின்று சட்டைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு வலிக்காரியை எவன் வைத்திருப்பான்? இந்த முறை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கான நீல விளையாட்டுச் சட்டைகள். வியாழனுக்குள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கப்பல் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போக வந்தவர் தங்கராஜ், பனியன் கம்பெனியின் டிரைவர். நாற்பது வயதிருக்கும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினேழு வருடம் முன்னால் பிழைக்க வந்தவர். "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் மலேசியாவில் சாப்பிட்டீர்களா என்பதற்கு அப்படித்தான் கேட்போம். அவர் யோசித்துவிட்டு, "பசி எங்கக்கா ஆறுது? ராத்திரி வீட்டுக்குப் போனாத்தான்" என்றார். உடனே சாலையோர பேக்கரியில் வண்டியை நிறுத்தி, எனக்கு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இந்தப் பக்கம் பத்தடிக்கொரு பேக்கரி. டீ எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் தே தாரிக் போல நுரை தள்ளாது. ஆனால் வாயை வைத்தால் எடுக்க மனம் வராது.

வழியில் ஒரு மருந்துக்கடையில் என் மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தங்கராஜைப் பார்த்தார். "இது மென்டல் மாத்திரைங்க மேடம். டாக்டர் சீட்டு இல்லாமத் தர மாட்டமுங்க" என்றார், கடையில் நின்ற ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரி. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், குறைந்த அளவில் தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள் என்று அங்கே நின்று பாடமா எடுக்க முடியும்? "தூக்கம் வரலைன்னா..." என்று இழுத்தேன். தங்கராஜ் ரொம்ப மரியாதையாகத் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தினர் விடுதி வாசலில் இறக்கிவிடும்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். "வியாழக்கெழம வேற டிரைவர் வருவான்க்கா. நமக்கு லீவு. வீட்டுக்காரிக்கு ஆப்ரேசன்."

"என்ன ஆபரேஷன்?"

"கர்ப்பப்பைய எடுக்காங்க."

"ஐயோ, கட்டியா? ரத்தப்போக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒடம்பு வலிக்குதுன்னு நாலு வருசமா அரற்றுதா. ஸ்கேன்ல நல்லாத்தான் இருக்காம். புள்ள ரெண்டு பெத்தாச்சுல்லா, எடுத்துட்டா எல்லாம் சரியாப் போவும்னு ஆஸ்பத்திரில சொல்லுதாங்க."

பல் பிடுங்கப் போவதைச் சொல்வது போலச் சொன்னார். வலிக்கு அது மருந்தில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. யாரோ எவரோ, முதல் நாளே வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதா என்று விழுங்கிவிட்டேன். அன்று சாப்பிட்ட அரிசிம்பருப்பு சாதம், நெய் ஊற்றியது, அவ்வளவு ருசியாக இருந்தும் பாதியில் எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். அவிநாசிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முருங்கை மரங்களுக்கு நடுவில் நான்கு மாடிக் கட்டடம். மின்வெட்டுக் காலம் அது. ஜெனரேட்டர் சத்தத்தில் தரையே அதிர்ந்தது. அந்த அதிர்வு கால் வழியாக ஏறி என் இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலாளி சாமியப்பன் வெள்ளை வேட்டியில், காலில் செருப்பில்லாமல் வந்து கும்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர், எனக்கு 'ங்க' போட்டுப் பேசியதில் கூச்சமாகிவிட்டது. எங்கள் ஊரில் தவுக்கே, அதாவது முதலாளி, கையை ஆட்டினாலே பெரிய மரியாதை.

"எத்தனை மணி நேர வேலைங்க?" என்று கேட்டேன்.

"ஒன்றரை ஷிப்ட்டுங்க மேடம். காலைல எட்டரைக்கு வந்தா ராத்திரி எட்டரைங்க. அவசரம்னா இன்னும் கொஞ்சம் ஆகுமுங்க."

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை என்று ஒரு செல்லப் பெயர்! நான் வாயைப் பிளந்தேன்.

மூன்றாவது மாடி செக்கிங். நீள மேசைகள், மேலே குழல்விளக்குகள், இரு பக்கமும் பெண்கள். எல்லாரும் நின்றபடி. நாற்காலி என்ற ஒன்றைக் கண்ணால் காண முடியவில்லை. தைத்து வந்த சட்டையை விரித்து, திருப்பி, தையல், கறை, ஓட்டை பார்க்கிறார்கள். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட ஒரு குட்டி ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். அம்பின் முனை எங்கே காட்டுகிறதோ அங்கே 'டேமேஜ்'. சரிசெய்ய முடிந்தால் ஆல்டர் என்று தையல்காரரிடம் திரும்பிப் போகும். முடியாதென்றால் ரிஜெக்ட், மூலைக் கூடையில் விழும். எங்கள் பக்கத்திலும் இதே முறைதான், ஆனால் இந்த வேகத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஒரு சட்டைக்கு ஒரு மூச்சு.

"மூணாவது மேசைல பச்சச் சேலை, அதான் நம்ம வீட்டம்மா" என்றார் தங்கராஜ், என் கைப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு. "ஞானம்னு பேரு. இங்க சீனியர் செக்கர்." சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னார்.

ஞானம் முப்பத்தைந்து வயதுக்காரி, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. அதைச் சேலைத் தலைப்புக்கு மேலே எடுத்துப் போட்டிருந்தாள், தோலில் படாமல். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு என் உடம்பே எனக்குப் பெரும்பாடு.

மாத்திரை இல்லாத இரண்டாவது இரவும் கழிந்து, செவ்வாய்க்கிழமை நான் எழுந்ததே பெரிய விஷயம். மாற்று உடுப்பு இல்லாததால், சாமியப்பன் எங்கள் ஆர்டரிலிருந்தே இரண்டு நீலச் சட்டைகளைக் கொடுத்திருந்தார். பிசிறு வெட்டும் குட்டிக் கத்திரியால் கழுத்து லேபிளை நறுக்கிவிட்டுப் போட்டுக்கொண்டேன். காலையிலிருந்து சட்டைகளைப் புரட்டினேன். கழுத்து லேபிள் நேராக இருக்கிறதா, அளவு எண் சரியா என்று வெட்டிய கையாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல.

பதினோரு மணி டீக்கு எல்லாரும் கலைந்தார்கள். குனிந்திருந்த நான் நிமிர முடியாமல் மேசையைப் பிடித்து, முதலில் ஒரு தோள், பிறகு இடுப்பு, பிறகு மற்ற தோள் என்று தவணை முறையில் எழுந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"யக்கா, ஒங்க பீஸ்ல லேபிள் மிஸ்ஸிங்."

திரும்பினேன். ஞானம். சிரித்துக்கொண்டு சொன்னாலும் கண் சிரிக்கவில்லை.

"அரிக்கும்" என்றேன்.

"அரிக்காது. குத்தும்" என்றாள். தன் ரவிக்கையின் கழுத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். உள்ளே மடித்துத் தைக்கும் பட்டி முழுவதையும் பிரித்து எடுத்திருந்தாள். "எனக்கும் குத்தும். நீங்க எந்திரிக்கது மாதிரிதான் நானும் எந்திரிப்பேன். ஒங்களுக்கும் கர்ப்பப்பைல கோளாறாக்கா?"

ஐந்து வருடம் கூட வேலை பார்த்தவர்கள் கண்டுபிடிக்காததை இவள் ஒன்றரை நாளில் பிடித்துவிட்டாள். பதினேழு வருடமாக டேமேஜ் பார்த்த கண் அல்லவா?

"எங்கெல்லாம் வலிக்கும்?" என்று கேட்டேன்.

"எல்லா எடமும்தான். அப்படிச் சொன்னா டாக்டரு வையுதாரு. சரியா ஒரு எடத்தக் காட்டுங்காரு." அவள் மேசையிலிருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். ஓர் அம்பைப் பிய்த்துப் பிடரியில் ஒட்டினாள். இன்னொன்று மறு பக்கம். தோள்பட்டை இரண்டு. முதுகில் தோள் எலும்புக்கு மேலே இரண்டு, கை எட்டாமல் என்னை ஒட்டச் சொன்னாள். கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு. முழங்கைக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, முழங்காலின் உட்பக்கம், சேலைக்கு மேலேயே. இடது என்றால் வலது, ஜோடி ஜோடியாக. "இங்கன அமுக்குனா உசுரு போவும்" என்றபடி கடைசி அம்பை ஒட்டினாள்.

பதினான்கு. பதினான்கும் என் டாக்டர் கட்டைவிரல் வைத்த இடங்கள். இந்தப் பெண் அந்த மருத்துவப் படத்தைப் பார்த்ததில்லை, அந்தப் பெயரைக் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த சட்டைக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி இருக்கீக?" என்றாள் அவள், அம்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தாளில் பத்திரமாகத் திரும்ப ஒட்டியபடி. கணக்கில் குறைந்தால் சூப்பர்வைசர் திட்டுவாராம்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியே பிடித்தேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில். அவளோடு சரோஜாவும் வந்தாள், வெள்ளகோவில்காரி, அதே மேசை. எனக்கென்று ஒரு டப்பாவில் பச்சைப்பயறுக் கடைசல் கொண்டுவந்திருந்தாள். நான் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். எனக்கு இருக்கும் நோயின் பெயரைச் சொன்னேன். உனக்கும் அதுவாக இருக்கலாம், நான் டாக்டர் இல்லை, ஆனால் அதற்குக் கர்ப்பப்பையை எடுப்பது மருந்தில்லை, வேறொரு டாக்டரைப் பார்க்கும்வரை தள்ளிப்போடு என்றேன். பெரிய புதையலைக் கொடுத்த மாதிரி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அது மருந்தில்லன்னு எனக்குத் தெரியுமேக்கா" என்றாள் ஞானம்.

"தெரியுமா!"

"எங்க மேசைல அஞ்சு பேருக்கு எடுத்தாச்சு. இந்தா, சரோஜாவக் கேளுங்க. வலி போச்சாட்டி?"

"எங்கீங்க போவுது" என்றாள் சரோஜா, பயறைப் பிசைந்தபடி. "ஆனா ரெண்டு மாசம் படுத்திருந்தனுங்க. என்ற மாமியா தண்ணி சுட வெச்சு ஊத்துனாங்க. என்ற ஊட்டுக்காரரு சாப்பாடு கொண்டாந்து குடுத்தாரு. கல்யாணமாகி அந்த ரெண்டு மாசந்தானுங்க நான் நல்லாத் தூங்குனது."

நான் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். ஞானம் தணிந்த குரலில் சொன்னாள்: "வலின்னா யாருக்கா லீவு தருவா? ஆப்ரேசன்னா தந்துதான ஆவணும். அதுவுமில்லாம, வயித்துல ஒரு தையல் இருக்கும். இந்தா பாருன்னு காட்டலாம். இப்ப என்னத்தக் காட்ட? எல்லாம் நார்மல்னு எழுதித் தந்திருக்கான்."

அட கடவுளே! காட்டுவதற்கு ஒரு தழும்பு வேண்டும் என்பதற்காக ஒருத்தி உடம்பைக் கிழித்துக்கொள்ளப் போகிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் தெரியாது. ஏனென்றால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆறாவது டாக்டரிடம் போனபோது, ஸ்கேனில் ஏதாவது கட்டியாவது தெரியட்டும் என்று பத்துமலை முருகனை வேண்டிக்கொண்டவள் நான். அதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

"பைத்தியமா உனக்கு? வாயைத் திறந்து சொல்லு. உனக்கு இப்படி ஒரு நோய் இருக்குன்னு முதலாளிகிட்ட, தங்கராஜ்கிட்ட சொல்லு" என்று கத்தினேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள். "நீங்க ஒங்க ஆபீசுல சொல்லியிருக்கீகளாக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பொறவு என்னய மட்டும் சொல்லச் சொல்லுதீக." டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க" என்றாள் சரோஜா. "உங்களுக்கு வந்துமே தெரியலீங்களே மேடம்." அவள் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

மாலை நான்கு மணிக்குக் கடைசிப் பரிசோதனை முடிந்தது. சட்டைகள் நன்றாகவே இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு சாமியப்பன் செக்கிங் மாடிக்கே வந்துவிட்டார். என்னை அழைத்துப்போகத் தங்கராஜும் வந்து கதவருகே நின்றார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஞானத்தை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

நான் பேனாவை எடுக்கவில்லை. மேசையிலிருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்தேன். பிடரியில் ஒன்று, தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று என்று ஒட்ட ஆரம்பித்தேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாவது அம்புக்கு மேசைகள் அமைதியாகிவிட்டன. ஒரு ஸ்டிக்கர் கீழே விழுந்தது, குனிந்து எடுக்க முடியவில்லை.

"என்னுங்க மேடம் இது?" என்றார் சாமியப்பன், பதறிப்போய்.

"டேமேஜ்ங்க. என்னோடது."

சொன்னேன். பெயரைச் சொன்னேன், ஐந்து வருடம் சொன்னேன், பெட்டியோடு போன மாத்திரையைச் சொன்னேன். "அந்த மருந்துக்கடைக்காரர் சொன்ன மென்டல் மாத்திரை இதுக்குத்தான் தங்கராஜ்" என்றேன். அவர் குனிந்துகொண்டார். கோலாலம்பூரில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். கடைசியாக, "நேத்து ஞானம் இதே இடங்கள்ல பதினாலு அம்பு ஒட்டிக் காட்டினா. அவளுக்கும் இதுதானான்னு எனக்குத் தெரியாது. நாளைக்குக் கத்தி வைக்கறதுக்கு முன்னாடி, இதைத் தெரிஞ்ச ஒரு டாக்டர் பார்க்கட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

சாமியப்பன் சுற்றும் முற்றும் நாற்காலி தேடினார். "ஏனுங்க மேடம், மூணு நாளா உங்கள நிக்க வெச்சே... ஒரு சேர் போடச் சொல்லியிருந்தா போட்டிருப்பனுங்களே." பிறகு ஞானத்தைப் பார்த்து, "நீயும் வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்ன கண்ணு?" என்றார்.

பதில் சரோஜாவிடமிருந்து வந்தது. "கேட்டமுங்க. ஷிப்மெண்ட் முடியட்டும்னு சொன்னீங்க. ஷிப்மெண்ட் எப்பங்க முடிஞ்சிருக்குது?"

சாமியப்பன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்போனை எடுத்து யாரிடமோ பேசினார். கோயம்புத்தூரில் அவருடைய மச்சான் காட்டுகிற மூட்டு டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். மறுநாள் பத்தரைக்கு அங்கே போகும்படி ஞானத்திடம் சொன்னார். தங்கராஜ் அசையவில்லை. "ஆஸ்பத்திரில எல்லாம் பேசியாச்சு மொதலாளி" என்றார். "இவளும் சரின்னுதான சொன்னா." ஞானம் அடுத்த சட்டையை விரித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். சட்டைகள் என்ன பாவம் செய்தன?

வியாழக்கிழமை காலை என் பெட்டி வந்து சேர்ந்தது, ஒரு சக்கரம் இல்லாமல். அதைத் திறக்கும்போதே போன். கோலாலம்பூரிலிருந்து எங்கள் தவுக்கே. "என்னா விமலா, அந்த முதலாளி நேத்து கூப்பிட்டாரு. மேடத்துக்கு ஒடம்பு முடியல, இனிமே இவ்வளவு தூரம் அனுப்பாதீங்க, நாங்க அங்க வந்து காட்டுறோம்னு சொல்றாரு. என்னா கதை இது? வந்தவுடனே பேசணும்." அடப்பாவி மனுஷா! நல்லது செய்வதாக நினைத்து என் சோற்றில் கை வைத்துவிட்டாரே. 'வந்தவுடனே பேசணும்' என்றால் எங்கள் அலுவலகத்தில் நல்ல அர்த்தம் கிடையாது. நான் மாத்திரைப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணி ஆயிற்று. ஞானத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்பதேகாலுக்கு ஹாரன் சத்தம். வேறு டிரைவரை எதிர்பார்த்து வெளியே போனேன். தங்கராஜ். பின் சீட்டில் ஞானம், கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையில். தலையிலிருந்து கால்வரை சிவப்பு அம்புகள்.

"டாக்டர் முன்னால போனா பயத்துல மறந்துரும்லாக்கா. அதான் வீட்லயே ஒட்டிட்டு வந்துட்டேன்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. "கோயம்புத்தூர் டாக்டரத்தான் மொதல்ல பாக்கணும்னு ராத்திரி பூரா ஒத்தக்கால்ல நின்னுட்டாக்கா" என்றார் தங்கராஜ். வண்டியை எடுத்தார்.

கோயம்புத்தூர் டாக்டர் வழுக்கைத் தலை, சின்ன உருவம். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஞானத்தைப் பார்த்து விலகி உட்கார்ந்தார்கள். டாக்டரோ அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தே விட்டார். "யாரும்மா இத ஒட்டுனது?"

"நான்தான் சார். செக்கருங்க சார், பதினேழு வருசமா டேமேஜ் பாக்கேன்."

நர்ஸும் நானும் பக்கத்தில் நிற்க, அவர் ஒவ்வோர் அம்பாக எடுத்து, அந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். அவள் "யம்மா" என்றாள். அடுத்தது. "யம்மா." எந்த அம்பும் பொய் சொல்லவில்லை. அம்பில்லாத இடங்களிலும் அழுத்திப் பார்த்தார்; அங்கே அவள் பேசாமல் இருந்தாள். பழைய ரிப்போர்ட்களை எல்லாம் பார்த்தார், இன்னும் இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். அவை வரட்டும், ஆனால் எனக்குச் சந்தேகம் குறைவு என்று சொல்லி, அந்தப் பெயரைச் சொன்னார். கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்.

"தமிழ்ல எழுதித் தாருங்க சார்" என்றாள் ஞானம். எழுதிக் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தாள், "ஃபை-ப்ரோ-ம-யால்-ஜி-யா", இரண்டு முறை. "இது போவுமா சார்?"

"முழுசாப் போகாதும்மா. குறைக்கலாம். நடக்கணும், தூங்கணும், ஒரேயடியா நிக்கக் கூடாது. மாத்திரை தர்றேன். இது கற்பனை இல்ல, நடிப்பு இல்ல. வலி நிஜம்."

சுவரோரம் நின்றிருந்த தங்கராஜ் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, நெசமாவே வலிச்சிருக்கு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஐந்து நாளில் எத்தனையோ அதிர்ச்சி பார்த்துவிட்டேன், இதற்கு எதுவும் ஈடில்லை. நாலு வருடமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிப் போன மனிதர், லீவு போட்டுக் காவல் இருக்கத் தயாராக இருந்த மனிதர், ஒரு நாள்கூட அவளை நம்பியிருக்கவில்லை! ஆபரேஷன் அவளுடைய வலிக்கு இல்லை, அவள் வாயை அடைப்பதற்கு. கெட்டவரும் இல்லை அவர். இப்போது அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எனக்கு அவரை அறையவும் தோன்றியது, தோளைத் தட்டவும் தோன்றியது.

ஞானம் அவரைப் பார்த்தாள். மேசையில் டாக்டர் எடுத்து வைத்திருந்த அம்புகளில் ஒன்றைப் பிய்த்தாள். எழுந்து போய் அவர் சட்டையின் இடது பையின் மேல் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

"டேமேஜ் இங்கனதான்" என்றாள். "ரிஜெக்ட் இல்ல. ஆல்டர்."

திரும்பும்போது தங்கராஜ் ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். பின்னாலிருந்து லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். நான் என் தவுக்கேவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். எப்படி யோசித்தாலும் நிஜத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அவிநாசிக்கு முன்னால் அதே பேக்கரியில் டீக்கு நிறுத்தினார். ஞானம் இறங்கவில்லை. அவர் முதல் டம்ளரை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவர் மார்பைக் காட்டினார். "ஏனுங்க, சட்டைல என்னமோ ஒட்டியிருக்குதுங்க."

தங்கராஜ் குனிந்து அதைப் பார்த்தார். விரல் அதன் ஓரம் வரைக்கும் போயிற்று.

"இருக்கட்டும்" என்றார்.